தகடூர்: காவியம் தொலைஞ்சுபோன நம்ம ஊர் டிராய்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

கிரேக்கப் புராணக் கதைகளை வச்சு ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. இன்னைக்குப் பண்ணிடலாம். ஆனா கிரேக்கத்துல ஆரம்பிச்சு, பாதி வழியில ஓசூர் – தருமபுரி ரோட்டுக்கு வந்துடுவோம். அந்த ரோட்டுல ஒரு டிராய் இருக்கு. அதோட கதையைச் சொன்ன காவியம்தான் இல்ல.

ராஜா ஏன் ஹீரோவை அனுப்புறார்?

கிரேக்கக் கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு காட்சி இருக்கு. ஒரு ராஜா, ஒரு இளைஞன். ராஜா அவனைக் கூப்பிட்டு, யாராலும் முடியாத ஒரு வேலையைக் கொடுப்பார்.

ஜேசனை எடுத்துக்கோங்க. அவனோட அப்பாவுக்குச் சேர வேண்டிய அரியணையில உக்காந்திருக்கார் பீலியாஸ். 'ஒத்தைச் செருப்போட ஒருத்தன் வருவான், ஜாக்கிரதை'ன்னு அவருக்கு ஏற்கெனவே குறி சொல்லியிருக்காங்க. ஜேசன் ஆத்தைக் கடக்கும்போது ஒரு செருப்பைத் தொலைச்சுட்டு அப்படியே அரண்மனைக்கு வந்து நிக்கிறான். பீலியாஸ் வாளை எடுக்கல. 'கொல்கிஸ் வரைக்கும் போய் தங்க ஆட்டுத்தோலைக் கொண்டு வா, ராஜ்யம் உனக்குத்தான்'னு சொல்றார். கொல்கிஸ்ங்கறது கருங்கடலுக்கு அந்தப் பக்கம், இன்னைக்கு ஜார்ஜியா இருக்கிற பகுதி. தோலுக்குக் காவல் தூங்காத ஒரு டிராகன். போனவன் திரும்ப மாட்டான்ங்கறதுதான் கணக்கு.

பெர்சியஸ் கதையும் அப்படித்தான். அவனோட அம்மா மேல கண்ணு வச்ச ராஜா, மகன் வீட்டுல இருந்தா தொந்தரவுன்னு மெடூசா தலையை வெட்டிட்டு வரச் சொல்லி அனுப்புறார். பெல்லரோபோன் கதை இன்னும் மோசம். 'இதைக் கொண்டு வர்றவனைக் கொன்னுடுங்க'ன்னு எழுதின சேதியை மூடி அவன் கையிலேயே கொடுத்து அனுப்புறாங்க. அவனும் தன் சாவைத் தானே சுமந்துட்டுப் போறான்.

ஆக, வெளியில பார்த்தா சாகசப் பயணம், உள்ளே பார்த்தா அரண்மனைச் சதி. இதை மனசுல வச்சுக்கிட்டு நம்ம பக்கம் வாங்க.

மலைப்பிளவுல ஒரு நெல்லிக்கனி

ஓசூர்ல இருக்கிறவங்களுக்கு அதியமான்ங்கிற பேர் புதுசு இல்ல. அந்தப் பேர்ல இங்க ஒரு இன்ஜினியரிங் காலேஜே இருக்கு. அதே ஹைவேயைப் பிடிச்சு கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர் போனா தருமபுரி. அதோட பழைய பேர் தகடூர். அதைத் தாண்டி சேலம் போற வழியில அதியமான்கோட்டைன்னு ஒரு ஊர். அதியமான்கள் குறுநில மன்னர்கள். சேர, சோழ, பாண்டியன் மாதிரி முடிவேந்தர்கள் கிடையாது. ஆனா அந்த மூணு பேரும் அசட்டையா விட்டுடக்கூடிய ஆட்களும் கிடையாது.

நம்ம கதையின் நாயகன் அதியமான் நெடுமான் அஞ்சி. சுமார் 2000 வருஷத்துக்கு முந்தின ஆள். கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். நெல்லிக்கனி கதையைப் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. ஏறவே முடியாத மலைப்பிளவுல காய்ச்ச அபூர்வமான கனி, சாவைத் தள்ளிப் போடக்கூடியது. அதைத் தான் சாப்பிடாம, அதோட மகிமையையும் சொல்லாம, அவ்வையாருக்குக் கொடுத்துட்டார். புறநானூறு 91ஆவது பாட்டுல அவ்வையே இதைச் சொல்றாங்க. ஒரு சின்ன எச்சரிக்கை: ஆத்திசூடி எழுதின அவ்வையார் பல நூற்றாண்டு பின்னாடி வந்தவங்க. இவங்க சங்ககால அவ்வை.

இப்போ இதை அக்கிலீஸ் கதைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அக்கிலீஸுக்கு முன்னாடி ரெண்டு வழி. ஊருக்குத் திரும்பிப் போனா நீண்ட ஆயுள், ஆனா பேர் இருக்காது. டிராய்ல நின்னு சண்டை போட்டா சீக்கிரம் சாவு, ஆனா அழியாத புகழ். ரெண்டுல ஒண்ணுதான். அஞ்சிக்கு நீண்ட ஆயுள் கையிலேயே கிடைச்சுது. அதைத் தனக்காகப் பாடுற ஒருத்தருக்குக் கொடுத்துட்டார். அப்புறம் என்ன ஆச்சு? அவர் போர்ல செத்துப்போனார். அவருக்குப் பின்னாடியும் வாழ்ந்த அவ்வை இரங்கல் பாட்டுப் பாடினாங்க. அஞ்சியைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு அவ்வை சொன்னதுதான். அவர் கொடுத்த ஆயுள், அவரோட பேரைக் காப்பாத்தத்தான் செலவாச்சு.

தங்க ஆட்டுத்தோலுக்கும் இங்க ஒரு ஜோடி உண்டு. அதியமானோட முன்னோர் தூரதேசத்துல இருந்து அரிதா ஒண்ணைக் கொண்டு வந்தாங்கன்னு புறநானூறு 99 பாராட்டுது. அது என்ன தெரியுமா? கரும்பு. இன்னைக்கும் பாலக்கோட்டுல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற மண்ணு இது.

அரண்மனைக் கணக்குகள்

இனி அரசியல். இந்தக் கதை ஒரே நூல்ல வரிசையாக் கிடைக்கல. சங்கப் பாடல்கள்ல சிதறிக் கிடக்கிற செய்திகளைச் சேர்த்துத்தான் கோக்கணும்.

நாலு ஆட்களை ஞாபகம் வச்சுக்கோங்க. தகடூர்ல அஞ்சி. திருக்கோவிலூர்ல மலையமான் காரி. கொல்லிமலையில வல்வில் ஓரி. மேற்கே சேரன்.

அஞ்சி படையெடுத்துப் போய் கோவலூரை அழிச்சார். அது காரியோட ஊர். காரி போய் ஓரியைக் கொன்னு, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துட்டான். இதுல கொடுமை என்னன்னா, அஞ்சி, காரி, ஓரி மூணு பேருமே கடையெழு வள்ளல்கள் பட்டியல்ல இருக்கிறவங்க. பாணர்களுக்கு யானையும் தேரும் அள்ளிக் கொடுத்தவங்க, ஒருத்தர் ஊரை ஒருத்தர் எரிச்சுட்டு இருந்தாங்க.

கொல்லிமலை சேரன் கைக்குப் போனா, தகடூருக்குத் தெற்கு வாசல்லயே சேரன் வந்து நிக்கிற மாதிரி. பதிற்றுப்பத்தோட எட்டாம் பத்துக்குப் பதிகம்னு ஒரு முன்னுரை இருக்கு. சேரன் கொல்லிக் கூற்றத்துல அதியமானையும் அவர் கூட நின்ன ரெண்டு பெருவேந்தர்களையும் சேர்த்து ஜெயிச்சு, அப்புறம் தகடூரை அழிச்சான்னு அது சொல்லுது. அந்தச் சேரன் பேரே 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை'. ஒரு ஊரை அழிச்சதை நிரந்தரமா பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டவன்.

இதுக்கு நடுவுல வடக்கே காஞ்சியில தொண்டைமானோட உரசல். அந்தப் போரைத் தடுக்க அஞ்சி அனுப்பின தூதர் யாருன்னு நினைக்கிறீங்க? அவ்வைதான்.

தொண்டைமான் தன்னோட படைக்கொட்டிலைச் சுத்திக் காட்டுறான். 'எங்ககிட்ட எவ்வளவு இருக்கு பாத்தியா'ங்கற மிரட்டல். அவ்வை பாராட்டுற மாதிரியே பேசுறாங்க. இங்க ஆயுதமெல்லாம் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுக்குள்ள அழகா இருக்கு. எங்க தலைவனோட வேல்களைக் கேக்குறீங்களா, முனை உடைஞ்சு எப்பவும் கொல்லன் பட்டறையிலதான் கிடக்கும். முடிஞ்சுது பேச்சு. உன் ஆயுதம் கண்காட்சிக்கு, எங்களோடது தினம் வேலை பார்க்குதுன்னு அர்த்தம். பெல்லரோபோன் தன் சாவு ஓலையை, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம சுமந்துட்டுப் போனான். அவ்வை எந்த ஓலையும் இல்லாம, எதிரி வீட்டுல உக்காந்து எதிரியையே நோட்டம் விட்டுட்டு வந்தாங்க.

பட்டறைன்னு சொன்னதும் ஓசூர்ல மெஷின் ஷாப்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல். கிருஷ்ணகிரி மாவட்டத்துலேயே மயிலாடும்பாறைங்கற இடத்துல தோண்டினப்போ கிடைச்ச இரும்புக்கு காலக்கணிப்பு பண்ணாங்க. பொதுயுகத்துக்கு முன் 2172ன்னு வந்திருக்குன்னு 2022ல தமிழ்நாடு அரசு சட்டமன்றத்துலேயே அறிவிச்சுது. அதாவது அவ்வை அந்தக் கொல்லன் பட்டறையைப் பத்திப் பேசினப்போ, இந்த மண்ணுல இரும்பு ஏற்கெனவே 2000 வருஷம் பழசு.

முற்றுகை, அப்புறம் ஒரு வெற்றிடம்

தொண்டைமான் பக்கம் தூது போயாச்சு. தகடூரை முடிச்சது ஆனா மேற்கே இருந்து வந்த சேரன். கோட்டையை வளைச்சுப் போடுற முற்றுகைக்குப் பழந்தமிழ் இலக்கணத்துல தனித் திணையே இருக்கு, உழிஞைன்னு பேர். தகடூர் முற்றுகையை முழுசாச் சொல்ற ஒரு நூலும் இருந்துச்சு. பேர் 'தகடூர் யாத்திரை'. அரிசில்கிழார், பொன்முடியார் மாதிரி புலவர்களோட பேர் அதோட சேர்த்துச் சொல்லப்படுது.

அந்த நூல் இன்னைக்கு இல்ல.

பின்னாடி வந்த உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டா சில பாட்டுகளைத் தந்திருக்காங்க. 'புறத்திரட்டு'ங்கற பழைய தொகுப்பு நாற்பதுக்கு மேல பாட்டுகளைக் காப்பாத்தி வச்சிருக்கு. அவ்வளவுதான். மூணு மணி நேரப் படத்துல ட்ரெய்லர் மட்டும் கிடைச்ச மாதிரி. யார் எந்த வாசல்ல நின்னாங்க, யார் காட்டிக்கொடுத்தாங்க, கோட்டை எப்படி விழுந்துச்சு, எதையும் வரிசையாப் படிக்க முடியாது.

டிராய்க்கு மட்டும் எல்லாம் கிடைச்சுதான்னு கேட்டா, அங்கேயும் இல்ல. நிறைய பேருக்கு இது ஆச்சரியமா இருக்கும்: மரக்குதிரைக் காட்சி இலியட்ல கிடையாது. அக்கிலீஸ் குதிகால்ல அம்பு பட்டுச் சாகுறதும் கிடையாது. பத்து வருஷப் போர்ல சில வாரங்களை மட்டும்தான் இலியட் சொல்லுது. முன்கதையையும் பின்கதையையும் சொன்ன வேற காவியங்கள் இருந்துச்சு. அதெல்லாம் தொலைஞ்சு, சுருக்கமும் துண்டுகளும்தான் மிச்சம். ஆனா அவங்களுக்கு இலியட், ஒடிஸி ரெண்டும் தப்பிச்சுது. நமக்குத் தகடூர் யாத்திரை தப்பல. ஹெக்டரைத் தெரிஞ்ச அளவுக்கு அஞ்சியை உலகத்துக்குத் தெரியாததுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ரெண்டு அப்பாக்கள்

துண்டுகள்தான் மிச்சம்னாலும் அதுல என்ன இருக்குன்னு பாருங்க.

இலியட்ல ஒரு புகழ்பெற்ற இடம். போருக்கு நடுவுல ஹெக்டர் தன் குழந்தையைப் பார்க்க வர்றான். தலைக்கவசத்துல ஆடுற குதிரைமயிரைப் பார்த்துக் குழந்தை பயந்து அழுவுது. அப்பாவும் அம்மாவும் சிரிச்சிடுறாங்க. ஹெக்டர் கவசத்தைக் கழட்டித் தரையில வச்சுட்டு, குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறான்.

புறநானூறு 100ல அதே சூழ்நிலை. களத்துல இருந்து நேரா வந்து, புதுசாப் பொறந்த மகனைப் பார்க்கிறார் அஞ்சி. கையில வேல், கால்ல கழல், உடம்புல வியர்வை, கழுத்துல இன்னும் ஈரம் காயாத புண். புலியோட மோதிட்டு வந்த யானை மாதிரி இருக்கார்னு அவ்வை சொல்றாங்க. பகைவனை முறைச்சுப் பார்த்த கண்ணு, மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறல.

ஹெக்டரால ஒரு நிமிஷம் கவசத்தைக் கழட்ட முடிஞ்சுது. அஞ்சியால கண்ணைக் கழட்ட முடியல. அவ்வை இதை வீரம்னு பாராட்டித்தான் பாடுறாங்க. ஆனா இன்னைக்குப் படிக்கும்போது, போர் ஒரு மனுஷனை என்ன பண்ணும்ங்கறதும் அந்த ஒரே வர்ணனையில தெரியுது.

ஜெயிச்சவனோட புலவர் யாருக்காக அழுதார்?

இந்த எபிசோட்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற இடம் இதுதான்.

தகடூரை அழிச்ச சேரனைப் புகழ்ந்து பதிற்றுப்பத்துல எட்டாம் பத்தைப் பாடினவர் அரிசில்கிழார். சேரன் அசந்துபோய், ராணியோட அரண்மனைக்கு வெளியே வந்து நின்னு, உள்ளே இருக்கிறதெல்லாம் எடுத்துக்கோங்கன்னு சொல்லி, 9 லட்சம் பொற்காசும் அரியணையும் கொடுத்தானாம். புலவர், 'அரசு உன்கிட்டயே இருக்கட்டும்'னு திருப்பிக் கொடுத்துட்டு அமைச்சரா மட்டும் இருந்தார்னு பதிகம் சொல்லுது. சேரனும் சினிமா வில்லன் கிடையாது. முரசுக்கட்டில்ல தெரியாமத் தூங்கிட்ட மோசிகீரனார்ங்கற புலவரைத் தண்டிக்காம, பக்கத்துல நின்னு விசிறிவிட்டவனும் இவன்தான்.

இப்போ புறநானூறு 230ஐத் திறங்க. தகடூர்ப் போர்ல விழுந்த எழினிங்கற அதியமான் குடித் தலைவனுக்கு இரங்கல் பாட்டு. அவன் ஆண்ட நாட்டுல கன்னுக்குட்டியோட மாடுகள் காட்டுலேயே பயமில்லாமத் தங்கும், வழிப்போக்கர் நினைச்ச இடத்துல படுப்பாங்க, களத்துல நெல்லுக்குக் காவலே வேண்டாம்னு பாட்டு சொல்லுது. அப்புறம் எமனைப் பார்த்து ஒரு கேள்வி. பசி தாங்காம விதைநெல்லைத் தின்னுட்ட விவசாயி மாதிரி பண்ணிட்டியே? அவனை விட்டு வச்சிருந்தா, களத்துல உனக்கு எத்தனை உயிர் கிடைச்சிருக்கும்!

பாடினவர் அரிசில்கிழார். ஜெயிச்சவனைப் பாடின அதே ஆள்.

இலியட்டும் எங்க முடியுது? கிரேக்கர்கள் பாடின கிரேக்கக் காவியம், எதிரியான ஹெக்டரோட இறுதிச்சடங்குலதான் முடியுது. ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாத ரெண்டு ஊர்கள், ரெண்டு மொழிகள். ஆனா எதிரியோட சாவையும் துக்கமாப் பார்க்கத் தெரிஞ்சவங்க சொன்ன கதைதான் ரெண்டு இடத்துலயும் நிலைச்சிருக்கு. எதிரியைக் கேவலப்படுத்தினா லைக்ஸ் வர்ற காலத்துல இருக்கோம். இதை ஒருதடவை யோசிச்சுப் பாருங்க.

இது புராணமா, வரலாறா?

டிராய் இருந்த இடம்னு கருதப்படுற துருக்கியின் ஹிசார்லிக் மேட்டை ஹைன்ரிக் ஷ்லீமான் 1870கள்ல தோண்டினார். ஒண்ணு மேல ஒண்ணா பல நகரங்கள் கிடைச்சுது. 'நான்தான் ஹெக்டர்'னு சொல்ற கல் எதுவும் கிடைக்கல.

அஞ்சிக்குக் கல் கிடைச்சிருக்கு. திருக்கோவிலூர் பக்கத்துல ஜம்பைங்கற ஊர்க் குன்றுல 1981ல ஒரு தமிழ்-பிராமி கல்வெட்டைக் கண்டுபிடிச்சாங்க. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி இந்தத் தங்குமிடத்தைக் கொடுத்தார்னு அதுல இருக்கு. இதனால ரெண்டு விஷயம் தெளிவாச்சு. அசோகர் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் கூடவே 'சத்தியபுத்திரர்'னு ஒரு வம்சத்தையும் சொல்லுது. அது யாருன்னு ரொம்ப நாள் விவாதம். ஜம்பைக் கல்வெட்டு வந்ததும், அது அதியமான்கள்தான்னு பதில் கிடைச்சுது. ரெண்டாவது, கல்வெட்டு கிடைச்ச இடம். அஞ்சி ஜெயிச்சதாப் புறநானூறு சொல்ற கோவலூர் வட்டாரம்தான் அது.

உங்க ரூமுக்குப் பக்கத்துல இருக்கிற ஹீரோ

அஞ்சி இறந்ததும் நடுகல் நட்டு, மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்துல கள்ளைப் படைக்கிறாங்க. அவ்வை கேக்குறாங்க: மலையோட சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கப் போறான்? கிரேக்கர்களும் வீரர்களோட கல்லறையில திராட்சை மதுவும் பாலும் ஊத்தி வணங்கினவங்கதான்.

அந்த வழக்கத்தோட தொடர்ச்சி இந்த மாவட்டங்கள்ல இன்னும் உயிரோட இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேடியப்பன் கோயில்னு பார்த்திருப்பீங்க. பல இடத்துல உள்ளே இருக்கிற சாமி ஒரு நடுகல்தான். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவங்க, ஊரைக் காத்தவங்க, புலியோட சண்டை போட்டவங்க. வில்லும் வாளும் பிடிச்ச உருவம், சிலதுல வட்டெழுத்து. பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நாய்க்கும் சேர்த்து நடுகல் இருக்கு. எசமான் விழுந்தப்போ ரெண்டு திருடர்களைக் கடிச்சுக் காவல் நின்ன நாய். பேர் கோவிவன். ஒடிசியஸுக்காக 20 வருஷம் காத்திருந்த ஆர்கோஸை உலகத்துக்கே தெரியும். கோவிவனை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் லேஅவுட்டும் தொழிற்பேட்டையும் ரோடும் வேகமா வளருது. வேலை வேணும், வளர்ச்சி வேணும். ஆனா வயல் ஓரத்துல சாஞ்சு கிடக்கிற ஒரு பலகைக்கல், ஜேசிபி ஓட்டுற தம்பிக்கு வெறும் கல்லாத்தான் தெரியும். தகடூர் யாத்திரை ஓலையில இருந்து தொலைஞ்சுது, அதை நம்மால திருப்பிக் கொண்டு வர முடியாது. கல்லு இன்னும் நம்ம கண்ணு முன்னாடி இருக்கு.

அதனால சின்னதா மூணு விஷயம். அந்த மாதிரி கல் கண்ணுல பட்டா நகர்த்தாதீங்க. அது நிக்கிற இடமும் ஆதாரம்தான். எழுத்து தெரியணும்னு சுரண்டவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். காலையிலயோ சாயங்காலமோ பக்கவாட்டு வெயில்ல போட்டோ எடுங்க, எழுத்து தானாத் தெரியும். இடத்தைக் குறிச்சுக்கிட்டு, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் கொடுங்க. நடுகல் எப்படி இருக்கும்னு தெரியலைன்னா, அதே அருங்காட்சியகத்துக்கு ஒரு லீவு நாள்ல போய்ப் பார்த்துட்டு வாங்க.

கிரேக்கக் கதையை எப்போ முழுசாச் சொல்லுவீங்கன்னு கேக்குறவங்களுக்கு: ஜேசன் அந்தத் தோலோட திரும்பி வந்த பிறகுதான் உண்மையான வில்லங்கமே ஆரம்பிக்குது. மெடியான்னு ஒரு பொண்ணு. அதை இன்னொரு எபிசோட்ல உக்காந்து பேசலாம்.